வாழைத்தாரோடு அறை தேடிப் போனோம்

போனில் முதுமலை ரூம் என்று தட்டினால் நீச்சல்குளமாக வருகிறது. காட்டுக்குப் போகிறவனுக்கு எதற்கு நீச்சல்குளம்? அம்மாவுக்கு இப்போது முட்டி வலி, படி ஏற முடியாது. படி இல்லாத ஓர் அறை கிடைத்தால் மறுபடி கூட்டிப்போகலாமென்று தேடுகிறேன். எரிச்சல்தான் மிச்சம்.

முதல் தடவை போனபோது எதையும் தேடவில்லை. காட்டோரம் ஒரு ராத்திரி தூங்க வேண்டும், யானையைப் பார்க்க வேண்டும். அம்மா கேட்டது அவ்வளவுதான். உத்திரமேரூரில் வேன் பிடித்து, சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டோம். கோயில் கோயிலாகப் போய்ப் பழகியவர்கள் நாங்கள். எந்த ஊரிலும் ஒரு கல்யாண மண்டபம் இருக்கும், ஜமக்காளம் விரித்துப் படுக்கலாம், பின்னால் சமைக்கலாம் என்ற நினைப்பு. அண்டா, கேஸ் அடுப்பு, அரிசி எல்லாம் வேனில். எங்கள் காவாந்தண்டலத்து நிலத்தில் வெட்டிய வாழைத்தார் ஒன்றை அம்மா பின்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்தாள். வழியிலேயே பழுத்து மணத்தது.

மசினகுடி டீக்கடையில் சித்தப்பா கேட்டார்.

"ஏம்பா, இங்க மண்டபம் எங்க கீது?"

"கல்யாணத்துக்கா வந்தீங்க?"

"இல்லப்பா, யானைய பாக்க."

"அப்ப யானைக்கா கல்யாணம்?"

கடையே சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்துப் போன ரிசார்ட்டில் ஒருவன் எங்களைப் பார்க்கவில்லை, அண்டாவைப் பார்த்தான். சமைக்கக் கூடாது, சத்தம் கூடாது, ஒரு ரூமுக்கு ரெண்டு பேர் என்றான். நான் நன்றாகத் திட்டிவிட்டு வந்தேன். இன்னும் இரண்டு இடத்தில் அதே பதில். இருட்டினால் காட்டு ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். இடம் கிடைக்காவிட்டால் வெளிச்சத்திலேயே திரும்பிவிட வேண்டும்.

கடைசியில் ஒரு தகரக்கூரை வீடு. மாடு வைத்திருந்த ஒருவர் இரண்டு அறையை வாடகைக்கு விட்டிருந்தார். உள்ளேயே சமைத்துக்கொள்ளச் சொன்னார். சாமானை இறக்கும்போது வாழைத்தாரைப் பார்த்துவிட்டார்.

"ஐயோ, இது வேண்டாங்க. வாசனைக்கு யானை கதவை ஒடைச்சிட்டு வரும்."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வரட்டுமே! அத்த பாக்கத்தான வந்துகீறோம். வாசல்ல கட்டி வுடு."

"அம்மா, நீங்க பாத்துட்டு நாளைக்குப் போயிடுவீங்க. நாங்க இங்கதான இருக்கணும். போன மழைக்கு அது இடிச்ச செவுரு இது. இப்பத்தான் கட்டினேன்."

அம்மா சுவரைப் பார்த்தாள். பூச்சுகூட முடியவில்லை. வாழைத்தாரோடு திரும்ப வேனில் ஏறி, "கடத்தெருவுக்கு வுடு" என்றாள்.

"இன்னா அண்ணி, கோச்சிக்கினியா?" சித்தப்பா பின்னாலேயே ஓடினார்.

பஸ் நிற்கும் இடத்தில் நின்று, சீப்பு சீப்பாகப் பிய்த்துப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கொடுத்தாள். டீக்கடைக்காரருக்கும் ஒரு சீப்பு. வேனில் கூடப் போன நாங்களும் இறங்கி நின்றபடி தின்றோம்.

"யானைக்கு வச்சத எனக்குக் குடுக்கறியே, அண்ணி."

"நீயும் அந்த சைசுதான். துன்னு."

அன்று ராத்திரி தகரத்தின் கீழ் நெருக்கியடித்துப் படுத்தோம். அப்படி ஒரு தூக்கம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை. விடிந்ததும் அம்மா வெளியே போனாள். காட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள்.

"நல்லவேள, வர்ல" என்றாள்.