முழுக்கை ரவிக்கையும் வெளிர் சேலையும்

அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தாது. உப்புக் காற்றில் அதன் தாழ்ப்பாள் துருப்பிடித்து விழுந்திருந்தது. அடுப்படியிலிருந்து வந்த அம்மா, "ஏ தனம், என்னமோ கருகுதே" என்றார். நான் சேலையைப் புரட்டிப் பார்த்தேன். சேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் இடது முன்கையில் ஒரு கங்கு விழுந்து கிடந்தது. எனக்கு வலிக்கவில்லை.

அன்று அதற்காகச் சந்தோஷப்பட்டேன். நல்லவேளை, பெரிய காயமில்லை, தாமதமாகாமல் போய்விடலாம் என்று நினைத்தேன். கொப்புளத்தின் மேல் முழுக்கை ரவிக்கையை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அந்த ரவிக்கையைப் பற்றிச் சொல்லாமல் என் நோயைச் சொல்ல முடியாது. சுதந்திரம் வந்து பத்து வருடம் போல் ஆகியிருந்தது. இராமநாதபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். அய்யா இறந்த பிறகு அம்மாவுக்கும் எனக்கும் அந்த வேலைதான் சோறு. நான் சேர்ந்தபோது அங்கே வேறு பெண்கள் இல்லை. முதல் வாரமே ஹெட்கிளார்க் என்னைக் கூப்பிட்டார். "ஆபீசுக்கு வாற பொம்பளைக்கு இம்புட்டு நெறம் எதுக்கும்மா? வெளுப்பா, அடக்கமா உடுத்திட்டு வாங்க" என்றார்.

மறுநாள் அரக்கு நிறச் சேலையில் போனேன். அதற்கு மறுநாள் மயில்கழுத்து நிறம். எல்லாம் சாதாரணக் கைத்தறியும் சுங்குடியும்தான். ஆனால் எந்தச் சேலைக்கு எந்த ரவிக்கை என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பழுப்புக் கோப்புகளுக்கும் கறை படிந்த சுவருக்கும் நடுவில் எட்டு மணி நேரம் உட்கார வேண்டும் என்றால், நானாவது ஒரு நிறத்தோடு இருக்க வேண்டாமா? பிறகு கமலாவும் வேறு இரண்டு பெண்களும் வேலைக்கு வந்தார்கள். அவர்களும் ஆசைப்பட்ட நிறத்தில் உடுத்தினார்கள். ஹெட்கிளார்க் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கங்கு விழுவதற்குப் பல மாதங்கள் முன்பே என் முன்கையில் வெளிறிய படை ஒன்று வந்திருந்தது. "தேமல்தான்டி. பூவரசங்காப் பாலைத் தடவுனா போயிரும்" என்று அம்மா தினமும் தடவிவிட்டார். படை போகவில்லை, அகலமானது. அதை மறைக்கத்தான் முழுக்கை ரவிக்கை தைத்தேன். வெறும் முழுக்கை என்றால் ஏன் எதற்கு என்று கேட்பார்கள். அதனால் பழைய சுங்குடியின் கரையை வெட்டி, மணிக்கட்டில் பட்டையாக வைத்துத் தைக்கச் சொன்னேன்.

இந்த ஊர் வெயிலில் முழுக்கையா என்று கேலி செய்வார்கள் என எதிர்பார்த்தேன். கமலாவோ என் கையைப் பிடித்துப் பட்டையைத் தடவிப் பார்த்தாள். "அக்கா, அம்சமா இருக்கு. அளவு ஜாக்கெட்டு ஒண்ணு குடுங்கக்கா, நானும் தச்சுக்கிறேன்" என்றாள். தையற்காரரிடம் மாதிரிக்குக் கொடுக்கும் ரவிக்கையைத்தான் எங்கள் பக்கம் அளவு என்போம். அரக்கு நிறத்தில் ஒன்றைக் கொடுத்தேன். அது கமலாவிடமிருந்து அடுத்தவளுக்குப் போனது, அங்கிருந்து இன்னொருத்திக்கு. கொஞ்ச நாளில் நான்கு பேரும் முழுக்கையில் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. உள்ளுக்குள் பயமும் இருந்தது.

தீக்காயம் வலிக்கவும் இல்லை, ஆறவும் இல்லை. கடைசியில் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "பஞ்சால தொடுவேன். தொட்டதும் சொல்லுங்கம்மா" என்றார். நான் காத்திருந்தேன். வெகுநேரம் ஆனது போலிருந்தது. "எப்ப ஆரம்பிப்பீங்க டாக்டர்?" என்று கேட்டேன்.

"முடிச்சிட்டேன்மா" என்றார்.

பிறகு முழங்கையின் பின்புறம் விரலால் உருட்டிப் பார்த்தார். அங்கே ஓடும் நரம்பு (சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் உணர்ச்சி கொண்டுபோவது) கயிறு போலத் தடித்திருந்தது. தொழுநோய் என்றார். ஆரம்ப நிலைதான், மருந்து இருக்கிறது, உங்களுக்கு வந்திருக்கும் வகை தொட்டால் ஒட்டிக்கொள்வதில்லை என்றார். நான் கேட்டது முதல் சொல்லை மட்டும்தான். "பெருவியாதியா சாமி?" என்றார் அம்மா. டாக்டர் பதில் சொல்வதற்குள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டாப்சோன் (அந்த நோயின் கிருமியை அடக்கும் மாத்திரை) வாங்க அந்த நோய்க்கென்று இருந்த வரிசையில் நிற்க வேண்டும். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன். தம்பியின் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்த கமலா என்னைப் பார்த்துவிட்டாள். முக்காட்டால் முகத்தை மறைத்தேனே ஒழிய, பட்டை வைத்த கையை மறைக்க மறந்துவிட்டேன். ஊரில் அந்தக் கை எங்கள் நான்கு பேருக்கு மட்டும்தான் உண்டு. அவள் திரும்பிப் போனாள்.

அடுத்த வேலை நாளில் மூன்று பெண்களும் குட்டைக் கை ரவிக்கையில் வந்திருந்தார்கள். ஜன்னல் படியில் பழைய செய்தித்தாளில் சுற்றி என் அளவு ரவிக்கை இருந்தது. கையில் கொடுக்கக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை. மத்தியானம் ஹெட்கிளார்க் வந்தார். "ஒங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். லீவு எழுதிக் குடுத்துட்டு வீட்ல இருங்க. வேலை போகாம இருக்க நான் மேல எழுதிப் பாக்குறேன்" என்றார். அந்தப் பொட்டலத்தைத் தொடாமல் வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

இரண்டு வருடம் போல வீட்டில் இருந்தேன். நடுவில் எதிர்வினை (மருந்து வேலை செய்யும்போது உடம்பு கொதித்து நரம்பு வீங்குவது) வந்தது. மரத்துப்போன கையிலும் அப்படி ஒரு வலி வரும் என்று நான் நினைத்ததில்லை. அது தணிந்தபோது சுண்டுவிரல் மடங்கி நின்றுவிட்டது. தினமும் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, அம்மா அதை நீவி நீவிப் பார்த்தார். அது நிமிரவில்லை. மற்ற விரல்கள் பிழைத்தன.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். தேமல் என்று நினைப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு, யாரையாவது பஞ்சால் தொடச் சொல்லிப் பாருங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நல்ல ரவிக்கை தைத்து மறைக்காதீர்கள்.

இனி வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தபோது டாக்டர் ஒரு நிபந்தனை வைத்தார். "இனிமே அடர்ந்த கலர் கட்டாதீங்க. கை கிழிஞ்சாலும் ஒங்களுக்குத் தெரியாது. ரத்தம் துணியில பட்டாத்தான் தெரியும். அரக்குச் சேலையில அது தெரியாதும்மா."

நான் அவரோடு வாதாடினேன். நோய்க்காகக்கூட அப்படி வாதாடியதில்லை. ஆணியில் கிழித்துக்கொண்டு, மயில்கழுத்துச் சேலையின் மடிப்பில் காய்ந்த ரத்தத்தை மூன்றாம் நாள் சீழ் வைத்த பிறகு கண்டுபிடித்ததும் விட்டுவிட்டேன்.

வேலை திரும்பக் கிடைத்தது. முதல் நாள் வெளிர் சந்தன நிறச் சேலையும் வெள்ளை ரவிக்கையுமாகப் போனேன். குட்டைக் கைதான், மறைக்க இனி என்ன இருக்கிறது? ஹெட்கிளார்க் மேலும் கீழும் பார்த்தார். "இப்பத்தாம்மா ஆபீசுக்கு வாற பொம்பளை மாதிரி இருக்கு" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, மனதாரத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் மேஜையைப் பின் வராந்தாவை ஒட்டிப் போட்டிருந்தார்கள். கமலா கரும்பச்சைச் சேலையில் இருந்தாள். அவளுக்கு அது எடுப்பாக இருந்தது. வெகுநேரம் கழித்துப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த ஜாக்கெட்ட கொளுத்திட்டோம்க்கா. பயந்துட்டோம்."

"கரையவாவது வெட்டி வச்சிருக்கலாம். நல்ல சுங்குடி" என்றேன். அவள் அழுதாள். அவளைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை.

இப்போது ஒரு விரல் குறைவாக டைப் அடிக்கிறேன். மாலையில் வீடு திரும்பியதும் வெளிச்சம் இருக்கும்போதே சேலையை அவிழ்த்து, முந்தானை முதல் கொசுவம் வரை ஜன்னலில் பிடித்துப் பார்ப்பேன். எங்காவது சிவப்பாக இருந்தால் கையில் இடத்தைத் தேடுவேன். காலையில் எப்போதோ பட்ட அடியாக இருக்கும். மற்றவர்களுக்கு வலி பட்ட உடனே தெரிகிறது. எனக்கு அது மாலையில் வருகிறது, நிறமாக.