அண்ணாச்சி வயலில் கிடந்த எங்கள் வாழை

அந்த வருஷம் மார்கழி பிறந்த கையோடு தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு எங்கள் ஊருக்குள் வந்தது. தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு அந்த வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் உயிர் தப்பினோம். என் வளையல்களை அடகு வைத்துப் போட்ட ஏத்தன் வாழைதான் தப்பவில்லை. குலை தள்ளுகிற பருவம். தண்ணீர் வடிந்தபிறகு போய்ப் பார்த்தால் ஒரு மரம் இல்லை, வயல் முழுக்க ஆற்று மணல்.

அத்தனை மரமும் பள்ளத்தில் இருந்த பக்கத்து வயலில் போய்க் குவிந்து கிடந்தது. அந்த வயல்கார அண்ணாச்சிக்கும் எங்களுக்கும் மடைத் தண்ணீர் தகராறில் பேச்சு நின்று பல வருஷமாகியிருந்தது. அவருடைய நெல்லும் போய்விட்டது. ஊரே வயலைச் சுத்தம் செய்து மறுபடி நடவுக்கு இறங்கியபோது, அவர் மட்டும் எங்கள் வாழையை அப்படியே அழுக விட்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பாத்தீங்களா, நம்மகிட்ட அள்ளுகூலி கேட்டு வம்பு வளக்கத்தான் போட்டு வச்சிருக்காரு" என்று வீட்டுக்காரரிடம் தினமும் பொருமினேன். நாங்களாகப் போய் எடுக்க ரோஷம் விடவில்லை.

அரசாங்க நிவாரணம் கிடைத்தால்தான் மணலை அள்ளிக் கன்று வைக்க முடியும். இல்லாவிட்டால் வயலைத் தரிசாகப் போட்டுவிட்டு என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்குக் கூலி வேலைக்குப் போகவேண்டியதுதான்.

கணக்கெடுக்க வந்த அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் ஊர்க் கணக்கில் எங்கள் வயலுக்கு எழுதியிருந்தது முந்தைய போகத்து நெல். கண்ணெதிரே இருந்தது மணல். "வாழை நின்னதுக்கு ஒரு அடையாளமும் இல்லையேம்மா, நான் எதைப் பாத்து எழுத?" என்றார். பக்கத்து வயலைக் காட்டினால் அண்ணாச்சி அள்ளுகூலி கேட்பாரே என்று அந்தப் பக்கமே நான் திரும்பவில்லை.

அப்போது பக்கத்து வயலிலிருந்து ஒரு சத்தம்.

"சார், கொஞ்சம் இங்கன வாங்க!"

செத்தோம், புகார் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அண்ணாச்சி சேற்றுக்குள் இறங்கி, அழுகிய மரத்தோடு, அது சாயாமலிருக்கக் கட்டியிருந்த முட்டுக்கம்பையும் இழுத்துத் தூக்கினார்.

"வாழை இல்லன்னா இது என்ன சார்? பச்சைக் கயித்தப் பாருங்க. மீன்வலக் கயித்துல முட்டு கட்டுற ஆளு இந்த ஊர்லயே இவ வீட்டுக்காரன் ஒருத்தன்தான்."

உண்மைதான். கடற்கரையில் மீன்பிடிக்கிற ஆலந்தலைக்குப் போய்ப் பழைய வலைக்கயிறு வாங்கி வருவது என் வீட்டுக்காரரின் வழக்கம். எங்கள் மணலைக் கிளறினால் அங்கேயும் அதே பச்சைக் கயிற்றோடு கம்புகள் புதைந்திருந்தன. அதிகாரி இரண்டு வயலையும் படம் எடுத்து, வாழை என்று எழுதிக்கொண்டார்.

"நீங்க ஏன் இன்னும் இதை அள்ளிப் போடல?" என்று அண்ணாச்சியிடம் கேட்டார்.

"அள்ளிட்டா இவங்களுக்கு என்ன சாட்சி சார்? நெல்லு பொறவு நட்டுக்கிடலாம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏளா, போட்டோ எடுத்தாச்சுல்லா? இனியாவது ஒங்க குப்பைய அள்ளுங்க. அங்க நாத்து முத்திப் போச்சு."

அத்தனை வருஷம் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

நிவாரணம் வந்தது, கன்று வைத்தோம், முதல் குலை அவர் வீட்டுக்குத்தான் போனது. மடைத் தண்ணீருக்கு இப்போதும் சண்டை போடுகிறோம், ஆனால் பேசிக்கொண்டே போடுகிறோம். யாரைப் பற்றியாவது தப்பாகச் சொல்ல வாயெடுத்தால், எங்களுக்காகத் தன் நடவை நிறுத்தி அவர் காத்துவைத்த அந்த அழுகல் வாழை நினைவுக்கு வரும். உடனே வாயை மூடிக்கொள்வேன், என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய காரியம் என்று.