அண்ணையின்ரை பால்சாப் பிளேன்

நான் கோபக்காரி. அதை முதலே சொல்லிப்போடுறன், பிறகு ஆரும் என்னைக் குறை சொல்லக்கூடாது. கணக்கு ரீச்சராய் இருந்த காலத்திலையும் எரிஞ்சு விழுந்தனான், பென்சன் எடுத்த பிறகும் எரிஞ்சு விழுறன். ஆனால் ஒரு பிளாஸ்டிக் பிளேனைக் கையிலை எடுத்தால் மட்டும் பெட்டிப்பாம்பாய் அடங்கிப்போவன். மருதனார்மடத்திலை எங்கடை வீட்டு முன்னறையிலை ஒரு மேசை எனக்கெண்டே இருக்கு. பெட்டியிலை வாற துண்டுகளை வெட்டி எடுத்து, ஓரம் தேய்ச்சு, ஒட்டி, பூச்சடிச்சு முடிக்கிறதுதான் என்ரை பின்னேரங்கள். பிளேன் சத்தம் கேட்டாலே பங்கருக்குள்ளை ஓடின ஊரிலை இருந்துகொண்டு பிளேன் செய்யிறாளே எண்டு சனம் கதைக்கும். கதைக்கட்டும்.

கனடாவிலை இருக்கிற என்ரை அண்ணைக்கும் இதே விசர்தான். ஆனால் அவர் பால்சா மரக்காரர். பால்சா எண்டால் முருங்கையைவிட லேசான மரம், நகத்தாலை அமத்தினாலே பள்ளம் விழும். அதை மெல்லிய விலா விலாவாய் வெட்டி, ஒவ்வொண்டாய் ஒட்டிப் பிளேனுக்குச் செட்டை கட்டி, மேலை பட்டத்துக்கு ஒட்டுற மாதிரி மெல்லிய தாள் இழுத்து ஒட்டுவார். என்ரை வேலையைக் கண்டால் அவருக்கு ஒரே நக்கல்.

"உதென்னடி, பெட்டிக்குள்ளை வந்ததை எடுத்து ஒட்டுறதும் ஒரு வேலையோ?"

"நீங்கள் விறகு பொறுக்கி ஒட்டுங்கோ," எண்டு நானும் விடமாட்டன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்து போனிலை ஒருத்தரோடை ஒருத்தர் கொளுவினால்தான் எங்கள் ரெண்டுபேருக்கும் சாப்பாடு இறங்கும்.

பேந்து சீனி வருத்தம் அண்ணையின்ரை கண்ணுக்கு இறங்கிச்சுது. ஒப்பிரேசன் செய்தும் சரிவரேல்லை. முதலிலை மங்கல், பிறகு ரெண்டு கண்ணும் இருட்டு. அதோடை வாயையும் மூடிப்போட்டார். போனைக் குடுத்தால் "ஓம்", "இல்லை", "சரி". அவ்வளவுதான். வேணுமெண்டே கொளுவிப் பாத்தன். "என்ன அண்ணை, விறகெல்லாம் எரிச்சு முடிச்சாச்சோ?" எண்டு கேட்டன். அங்காலை மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுது. அண்டைக்குப் போனை வைச்சிட்டு நல்லா அழுதன்.

ஒருநாள் அண்ணி எடுத்தா. "வெட்டுற சாமான், ஒட்டுற சாமான் எல்லாத்தையும் ஆருக்கோ தூக்கிக் குடுத்திட்டார் பிள்ளை. ஒரே ஒரு பிளேன் அரைகுறையிலை அலுமாரிக்கு மேலை கிடக்கு. அதையும் குப்பையிலை போடட்டாம். எனக்கு மனம் வரேல்லை. நீ முடிச்சுத் தாறியே? தையிலை வருவம். அதைக் கையிலை குடுத்தால் எண்டாலும் மனுசன் வாய் திறக்குதோ பாப்பம்."

ஊருக்கு வந்த ஒருத்தரின்ரை பயணப்பெட்டியிலை பிளேன் வந்து சேந்துது. உடம்பை அண்ணை மெல்லிய மரத்தகட்டாலை மூடியிருந்தார். செட்டை ரெண்டும் எலும்புக்கூடு. தாள் ஒட்டி, மினுக்கி, பூச்சடிக்கிறதுதான் மிச்சம். எனக்குப் பால்சா தெரியாது. மினுக்கத் தெரியும், அந்த ஒரு நம்பிக்கையிலை துணிஞ்சு இறங்கினன்.

இறங்கின நேரம் நல்ல மாரி. செட்டைத் தாளை இறுக்கிறதுக்கு ஒரு வார்னிஷ் பூசவேணும். மழைக் காத்திலை அது காயக் காயப் பால் ஊத்தின மாதிரி வெள்ளை பூத்துது. தாளைக் கிழிச்சுப்போட்டுத் திரும்ப ஒட்டிப் பூசினன். திரும்பவும் வெள்ளை. வந்த விசருக்குப் பிறஷைத் தூக்கிச் சுவரிலை அடிச்சன். என்ரை மனுசன் எழும்பிப் போய், கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டுற பெட்டியைத் துடைச்சுக் கொண்டுவந்து, உள்ளுக்கு பல்பை உயர்த்திக் கட்டினார்.

"குஞ்சுகள் வளந்திட்டுது. இனி உன்ரை குஞ்சை வை," எண்டார்.

அந்தச் சூட்டிலை செட்டை ஒரு வெள்ளையும் பூக்காமல் காஞ்சுது. இப்பிடி ஒரு மனுசனை எனக்குத் தந்த ஆண்டவருக்கு அண்டைக்கு வாய்விட்டே தோத்திரம் சொன்னன். மனுசன் "சரி சரி, தேத்தண்ணியைப் போடு" எண்டிட்டுப் போனார்.

உடம்பு வேலைதான் பெரிய பாடு. மரத்தின்ரை நரம்பு வெளியிலை தெரியக்கூடாது. முகத்துக்குப் போடுற பவுடரை வார்னிஷிலை குழைச்சுப் பூசி, மண்பேப்பராலை தேய்ச்சு, திரும்பப் பூசி, திரும்பத் தேய்ச்சு, விரல் நுனியெல்லாம் எரிஞ்சுது. பிறகு மஞ்சள் பூச்சு, அதுக்கு மேலை மினுக்கு. முடிச்சு வைச்சால் முகம் பாக்கலாம். இதை அண்ணை தடவினால் கட்டாயம் ஏதாவது சொல்லுவார் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன்.

தையிலை வந்தினம். அண்ணை மெலிஞ்சுபோயிருந்தார். கறுப்புக் கண்ணாடி, ஒரு கை அண்ணியின்ரை தோளிலை. கட்டிப்பிடிச்சன். "சுகமோ?" எண்டார். அதுக்கு மேலை ஒரு சொல்லும் இல்லை. மத்தியானம் கணவாய்க் கறியோடை சாப்பிட்டு எழும்பினாப்போலை, அவரைக் கதிரையிலை இருத்தி, பிளேனை மடியிலை வைச்சன். அண்ணி கதவடியிலை நிண்டு சீலைத் தலைப்பைப் பிசைஞ்சுகொண்டிருந்தா.

அண்ணையின்ரை விரல் மூக்கிலை தொடங்கி வால் வரைக்கும் ஒருக்கால் போய் வந்துது.

"பிளாஸ்டிக்கோ?" எண்டார். "நல்லாச் செய்திருக்கிறாய்."

எனக்குப் பத்தி எரிஞ்சுது. பிறந்த நாளிலை இருந்து என்னை நல்லாச் செய்தாய் எண்டு சொல்லாத மனுசன்! முன்பின் தெரியாத வீட்டிலை தேத்தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுற மரியாதை அது. என்ரை அண்ணையிட்டை இருந்து உந்த மரியாதை ஆருக்கு வேணும்?

"பிளாஸ்டிக்கோ! உங்கடை பிளேன் அண்ணை உது! நீங்கள் குப்பையிலை போடச் சொன்ன பிளேன்!"

"கத்தாதை பிள்ளை," எண்டு அண்ணி ஓடிவந்தா.

அண்ணையின்ரை கை மெல்ல உடம்பை விட்டுச் செட்டைக்குப் போச்சுது. தாளுக்குக் கீழை ஒவ்வொரு விலாவும் தட்டுப்படும். ஒண்டொண்டாய்த் தொட்டுக்கொண்டு போனார். நுனிக்குக் கிட்ட நிண்டுது விரல். திரும்பி வந்துது. திரும்பவும் போய் அதே இடத்திலை நிண்டுது.

"இது சரிஞ்சு நிக்குது."

"எது சரிஞ்சு நிக்குது?" எண்டு பிளேனை வாங்கிச் செட்டையை யன்னல் வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்தன். ஓம். ஒரு விலா, ஒரு மயிரிழை, வெளிப்பக்கமாய்ச் சரிஞ்சு நிண்டுது. மாரி முழுக்க அதோடை கிடந்து மாரடிச்ச என்ரை ரெண்டு கண்ணுக்கும் அது தெரியேல்லை.

"மங்கத் தொடங்கின நேரம் ஒட்டினது," எண்டார் அண்ணை. "அப்ப கண்ணை நம்பிப்போட்டன்." பிறகு கையை நீட்டினார். "வெட்டுற பிளேட் இருக்கோ?"

அந்தச் செட்டையிலை ஒரு சுருக்கம் இல்லை. வேறை ஆரும் பிளேட் கேட்டிருந்தால் கையை முறிச்சு அனுப்பியிருப்பன். பிளேனைத் திரும்ப மடியிலை வைச்சிட்டுப் போய் எடுத்துக்கொண்டு வந்தன். கை வெட்டிப்போடும் எண்ட பயத்திலை, "பொறுங்கோ, நான் வெட்டித் தாறன்," எண்டு கிட்டப் போனன். பட்டெண்டு என்ரை கையிலை ஒரு அடி விழுந்துது.

"தள்ளடி அங்காலை! உனக்குப் பிளாஸ்டிக்தானே தெரியும்."

அண்ணி அப்பிடியே நிலத்திலை குந்தியிட்டா.

இடதுகை விரலாலை விலாவைப் பிடிச்சுக்கொண்டு, பிளேட்டை அந்த விரலோடை அணைச்சபடி தாளை நேராய்க் கிழிச்சார். விலாவைப் பிடுங்கி, அடியைச் சுரண்டி, நிமித்தி வைச்சார். பசை தண்ணியாய்க் கிடக்கெண்டார். தாளைத் தொய்ய விட்டிருக்கிறன் எண்டார். பவுடரைப் பூசி மரத்தைச் சாகடிச்சுப்போட்டன், எல்லாத்தையும் சுரண்டி எடுக்கவேணும் எண்டார். இத்தனை காலமாய் "ஓம், இல்லை" யோடை இருந்த மனுசன், பொழுதுபடும் வரைக்கும் என்னைப் பிடிச்சு ஏசினார். ஒரு சொல்லுக்கும் நான் திருப்பிக் கதைக்கேல்லை. கிழிஞ்ச செட்டையை ஆடாமல் பிடிச்சுக்கொண்டு, "இன்னும் ஏசட்டும் ஆண்டவரே, இன்னும் ஏசட்டும்" எண்டு நிண்டன்.