தினகரன் கயிற்றை அவிழ்த்த காலை

"அதிகம் பேசாதவர். நாலு பேர் கூடும் இடங்களைத் தவிர்ப்பவர்." குடிநோய்க்குச் சிகிச்சை முடித்து அனுப்பியபோது ஆஸ்பத்திரி தந்த சீட்டில் தினகரனைப் பற்றி இப்படித்தான் எழுதியிருந்தது. பெருநகர் என்ற ஊரில் மைக்செட் வைத்திருப்பவர் தினகரன். மஞ்சள் நீராட்டோ, சாவோ, ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்த சேதியோ, ஊருக்குச் சொல்வது அவர் குரல்தான்.

ஆஸ்பத்திரியில் இருந்த முப்பது நாளும் அவர் திருப்பூரில் வேலை பார்ப்பதாக மனைவி சசிரேகா சொல்லி வைத்திருந்தாள். திரும்பியதும் அம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், இனிக் குடிப்பதில்லை என்று பூசாரி கையால் கயிறு கட்டவைத்தாள்.

"எவன் குடிக்கக் கூப்டாலும் கயிறு கட்டிக்கினு கீறேன்னு சொல்லு. ஆஸ்பத்திரி பேச்சே வரக்கூடாது. பொண்ணுக்கு மாப்ள பாக்கணும்."

கயிறு நன்றாகவே உழைத்தது. சிகிச்சைக்குப் போனவனைக் கேலி செய்யும் ஊர், கயிறு கட்டியவனைத் தொந்தரவு செய்யாது. குடிகாரர்களே அவருக்குப் பயபக்தியோடு சோடா உடைத்துக் கொடுத்தார்கள். இப்படியே இரண்டு வருஷம்.

ஆடித் திருவிழாவுக்கு அவர் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டிருந்த காலையில் குமரேசன் வந்தான். நெல் அறுக்கும் வண்டி ஓட்டுகிறவன், பழைய குடிக் கூட்டாளி.

"உனக்குக் கட்டன அதே பூசாரிதாண்ணா எனக்கும் கட்டனாரு. மூணு வாட்டி. மூணையும் அத்துப் போட்டுட்டேன். அம்மனுக்கு என்னியப் புடிக்கல. இனிமே கட்டறதா இல்ல, இப்டியே போய்ச் சேர்றேன்."

தினகரனுக்குச் சுருக்கென்றது. தன் பொய்யால் யாருக்கும் கெடுதல் இல்லை என்றல்லவா நினைத்திருந்தார்! உண்மையை அவன் காதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் காதோடு சொல்வது அவர் தொழில் இல்லை.

"ஹலோ, மைக் டெஸ்டிங். பொதுமக்கள் கவனத்துக்கு. நான் குடிய வுட்டது கயித்தால இல்ல. ஆஸ்பத்திரில முப்பது நாள் படுத்துக்கினு, மாத்திரை துண்ணுதான் வுட்டேன். இன்னும் மாசாமாசம் போய்க்கினுதான் கீறேன். அம்மன் மேல பழி போடாதீங்க. கூட வர்றவங்க வரலாம். நன்றி."

நாலு திசைக்கும் நாலு குழாய். சசிரேகா மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

"யோவ், இன்னாய்யா பண்ணிக்கினு கீற? வூட்டு மானத்த எட்டூருக்கும் சொல்லிட்டியே!"

"எட்டூருக்குக் கேக்காது. பெருநகருக்கு மட்டுந்தான்."

அவள் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவும் இல்லை.

அந்தக் காலையில் குமரேசன் மட்டும் கேட்டான்: "பஸ் எத்தினி மணிக்குண்ணா?"

தினகரன் கயிற்றை அவிழ்த்து அம்மன் காலடியில் வைத்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் குமரேசனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அவனை வார்டில் சேர்க்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.