ஒரே நாளில் இரண்டு ரத்தம்

கருத்தம்மாள் 1938-இல் தளவாய்புரத்தில் பிறந்தாள். இராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, முப்பத்தெட்டாம் வயதில் கணவனை இழந்தாள். பிள்ளை இல்லை. பேண்டேஜ் தறிகளிலிருந்து வரும் துணியை அளந்து சுருட்டுவது அவள் வேலை. எழுத்து தெரியாது. எண்கள் தெரியும், புள்ளி வைத்த எண்களும் தெரியும். அந்த அறிவுதான் இரண்டு ஆண்களைத் தலைகுனிய வைத்தது.

அவளை நான் முதலில் பார்த்தது 19-8-1985 அன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் ரத்தப் பரிசோதகனாக இருந்தேன். மேசையில் இரண்டு சீட்டுகளை வைத்தாள்.

"ஐயா, ஒரே நாளுல ஒரு பொம்பளைக்கு ரெண்டு ரத்தமா?"

இரண்டிலும் பெயர் இருளம்மாள். இரண்டிலும் தேதி 12-3-1984. ஒன்று இராஜபாளையம் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த நம்பி ரத்தப் பரிசோதனை நிலையம் கொடுத்தது: ரத்தச் சத்து, அதாவது ஹீமோகுளோபின், 10.4. மற்றது என் கையெழுத்து: 7.1.

என் பதிவேட்டைப் புரட்டினேன். அன்று திங்கட்கிழமை. மதுரைக்குப் போகும் பஸ்ஸில் மயங்கி விழுந்த பெண்ணைக் காலை 8.40-க்குத் தூக்கி வந்திருந்தார்கள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். மதுரையில் கரண்டு வைத்துக்கொண்டிருந்தாள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். நான் விரல் நுனியில் ரத்தம் எடுத்து, குழாயில் அமிலம் சேர்த்து, பத்து நிமிடம் காத்திருந்து, நிறம் பார்த்து எழுதினேன். சீட்டை உடன் வந்த கணவன் குருசாமியிடம் கொடுத்து, "இதைக் கரண்டு வைக்கும் டாக்டரிடம் காட்டு, உடனே ரத்தம் ஏற்ற வேண்டும்" என்றேன். டாக்டருக்கு நேரே ஒரு கடிதமும் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

இருளம்மாள் கருத்தம்மாளின் தங்கை. நோய் திரும்பி வந்து 9-8-1985 அன்று இறந்துவிட்டாள். சாவு வீட்டைக் கழுவும்போது குருசாமியின் தகரப் பெட்டிக்குள் என் சீட்டு நான்காக மடித்துக் கிடந்திருக்கிறது. அன்று காலை பஸ் ஏறுமுன் வாங்கிய நம்பியின் சீட்டு ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு இருந்தது. டாக்டர் பார்த்தது அதை மட்டும்தான்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. பத்துக்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றுவார்கள். ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் வீட்டு ஆள் ஒருவர் ஒரு பாட்டில் கொடுக்க வேண்டும். ரத்தம் கொடுத்தால் தறியில் நிற்கத் தெம்பு இருக்காது, ஆண்மை போய்விடும் என்று ஆண்கள் ஓடி ஒளிந்தார்கள். நம்பி கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுப் பத்துக்கு மேல் எழுதித் தருவார். புருஷன்மாருக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

மதுரையில் கரண்டு வைத்த டாக்டர் கிருபாபாயிடம் கருத்தம்மாள் கேட்டு வந்தாள். கட்டிக்குப் போகிற ரத்தத்தில் பிராணவாயு இருந்தால்தான் கதிர் அதை முழுதாகக் கொல்லும். ரத்தம் குறைந்தவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பி வருவதைப் பார்க்கிறோம் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். நானும் ஒன்றை மறைக்காமல் சொன்னேன். கட்டியின் அளவும் உண்டு, பரவலும் உண்டு, ரத்தம் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று எழுதித் தர முடியாது.

"பொழச்சிருப்பாளோ மாட்டாளோ, அத அவன் முடிவு பண்ணக் கூடாதுல்லா?" என்றாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்த குருசாமியின் இலைக்குப் பக்கத்தில் என் சீட்டை வைத்தாள். அவன் கை சோற்றிலேயே நின்றது. கான்சாபுரத்தில் அவனுக்கு அதற்குள் பெண் பார்த்திருந்தார்கள்.

"மதினி, நாலு பேர் முன்னால வேண்டாம்."

"நாலு பேருக்குச் சொல்லல. கான்சாபுரத்துக்குத்தான் சொல்லப் போறேன். ஒரு பாட்டில் ரத்தத்துக்குப் பயந்து பொண்டாட்டியச் சாகக் குடுத்தவன்னு."

"நான் என்ன செய்யணும்?"

"மூணு மாசத்துக்கு ஒரு பாட்டில். கரண்டு வைக்கிற பொம்பளையள்ல ஆள் இல்லாதவளுக்கு. நான் போதும்ங்கிற வரைக்கும்."

முதல் பாட்டில் 11-9-1985, மதுரையில். முந்தின நாள் நான் அவனைச் சோதித்தேன். 14.2 இருந்தது. எட்டிப் பார்த்த கருத்தம்மாள், "அவ பங்கையும் சேத்துல்லா வச்சிருக்கான்" என்றாள்.

அடுத்து நம்பி. அதற்கும் குருசாமியையே பிடித்தாள். சாயப்பட்டறையில் சிவப்புச் சாயம் கரைத்து, மருந்துப் பாட்டிலில் அடைத்து அவன் கையில் கொடுத்தாள். சொந்தக்காரி எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிறாள், ஆஸ்பத்திரியில் எடுத்துக் கொடுத்த ரத்தம் என்று சொல்லச் சொன்னாள். 4-11-1985 காலை அவன் உள்ளே போய்ச் சரியாக ஆறு நிமிடத்தில் சீட்டோடு வந்தான். 10.4.

பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்துக்குக் கேட்கும்படி கருத்தம்மாள் கூப்பிட்டாள்.

"நம்பி சார், செத்த வெளிய வாங்க. இந்த ரத்தம் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. பத்துக்கு மேலே. பயமில்லை."

அவள் ஒரு சுருள் வெள்ளைப் பேண்டேஜை உதறிப் பிரித்து, மிச்சச் சாயத்தை அதில் ஊற்றினாள். துணி குங்குமச் சிவப்பாயிற்று.

"சேலைக்குப் போடுத சாயம்யா இது! இதுக்கும் பத்து புள்ளி நாலா? நம்பி நம்பின்னு போர்டு போட்டீரே, நம்பி வந்தவ செத்துப் போனா!"

துணியை அந்தப் பலகையிலேயே கட்டினாள். நம்பி அவிழ்க்க வந்தபோது கூட்டத்தில் ஒருவர், "தொடாதேயும், காஞ்ச பொறவு இன்னொரு தரம் டெஸ்ட் பண்ணும்" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பொங்கலுக்குள் அந்தக் கடை பூட்டப்பட்டது.

குருசாமிக்குத் திருமணம் நடந்தது. கருத்தம்மாள் வாக்கு மாறவில்லை, கான்சாபுரத்துக்குப் போகவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவன் தறி முன்னால் வந்து நிற்பாள். "ஏலே, கிளம்பு." அவ்வளவுதான். இரண்டு முறை காய்ச்சல் என்று நான் எழுதிக் கொடுத்ததால் விட்டாள். 9-3-1993 வரை இருபத்தொன்பது பாட்டில்.

அன்று என் அறையில் வைத்துக் கேட்டுவிட்டான். தலை நரைத்திருந்தது.

"மதினி, போதும்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா? எட்டு வருசமாச்சே."

கருத்தம்மாள் என்னைப் பார்த்தாள். "ஐயா, அன்னைக்குத் தங்கச்சிக்குப் பத்துக்கு எம்புட்டுக் கொறைஞ்சுது?"

"இரண்டு புள்ளி ஒன்பது."

"இப்பவும் அம்புட்டுத்தான கொறையுது?"

குருசாமி சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். ஊசியை எடுத்தேன். 13.8.

"மூணு மாசம் கழிச்சு வாரேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, மதுரைப் பஸ்ஸைப் பிடிக்க அவனுக்கு முன்னால் நடந்தாள்.