படிவத்தில் புகை இல்லை

என் வாழ்க்கையில் நான் மிக வேகமாக நிரப்பிய படிவம் ஒன்று உண்டு. அதன் பலனை வெறுங்காலோடு ஓடி அனுபவித்தேன்.

திருத்தங்கல் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. கம்ப்யூட்டர் லேப் உதவியாளனாக எனக்கு அது இரண்டாம் வருடம். சர்வர் பெரிய கட்டடத்தில் இருந்தது. புது லேப் கட்டடம் அரைக் கிலோமீட்டர் தள்ளி. நடுவில் கிடந்த தரிசு ஒரு பட்டாசுக் கம்பெனிக்குச் சொந்தம். கேபிள் புதைக்கக் கேட்டதற்கு, "கடப்பாரை பட்டுப் பொறி பறந்தா நீங்க வந்து பதில் சொல்லுவீகளா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆகவே கம்பியில்லாத இணைப்பு.

லேப்பில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். கல்லூரியே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அலைவழி இணைப்புத் தரும் ரேடியோ பெட்டி போதும் என்பது அவர் கட்சி. பழைய ஜோடி ஒன்றை இரண்டு மொட்டைமாடிகளிலும் மாட்டி ஓட்டியும் காட்டினார். நான் லேசர் கட்சி. மாடிக்கு மாடி கண்ணுக்குத் தெரியாத ஒளி பாயும், ரேடியோவைவிடப் பல மடங்கு வேகம். அதன் விளம்பரத் தாளைக் காதல் கடிதம்போல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

"தம்பி, அம்புட்டு ஸ்பீடு நமக்கு எதுக்கு?"

"எதிர்காலம், அண்ணாச்சி."

சொன்னதோடு விட்டேனா, கையை வேறு வானத்தைப் பார்த்து நீட்டினேன்.

லேசர் விற்பவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். இரண்டு மாடிகளுக்கும் இடையே மரம் உண்டா? மூடுபனி? கனமழை? புகை? நம்ம விருதுநகர் மாவட்டத்தில் மூடுபனியாம்! சிரித்துக்கொண்டே வரிசையாக 'இல்லை' போட்டேன். போடும்போது ஜன்னலுக்கு வெளியே வெடி கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் புகை என்றால் வேறு எங்கோ ஆலைகளில் கிளம்புவது என்று நினைப்பு. பிறந்ததிலிருந்து மூக்கில் ஏறுவதைப் புகை என்று யார் எழுதுவார்கள்?

கல்லூரி முதல்வர் என் பேச்சில் மயங்கினார். கோடை விடுமுறையில் லேசர் வந்தது, இணைப்பு பறந்தது. சில சாயங்காலங்களில் மட்டும் அறுந்தது. லென்ஸுக்கு முன்னால் மயில் உட்காருகிறது என்று அறிக்கை கொடுத்தேன். மாடியேறிப் பார்த்தால் ஒரு மயிலும் இல்லை. மயில் பறந்துவிட்டது என்று இரண்டாவது அறிக்கை கொடுத்தேன்.

ஆவணியில் முதன்முதலாக ஒரு சென்னைக் கம்பெனி எங்கள் மாணவர்களை வேலைக்கு எடுக்க வந்தது. புது லேப்பில் மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர் தேர்வு. கடைசி வருடப் பிள்ளைகள் அறுபது பேர். பலருடைய அம்மாக்கள் அந்த நேரம் தீப்பெட்டி ஆபீஸிலோ பட்டாசுக் கம்பெனியிலோ வேலையில் இருந்தார்கள். வந்த அதிகாரிகள் சாயங்காலம் மதுரையில் இன்னொரு கல்லூரிக்குப் போயாக வேண்டும். தேர்வு நின்றால் நின்றதுதான்.

மூன்று பத்துக்கு அறுபது திரையும் உறைந்தன. மாடிக்கு ஓடினேன். கீழே பட்டாசுக் கம்பெனியின் மைதானத்தில் வெளிமாநில வியாபாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தீபாவளி ஆர்டருக்காக அவர்கள் முன்னால் கம்பெனி ஆட்கள் புது ரகங்களை வெடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். காற்றே இல்லை. வெள்ளைப் புகை எழுந்து வந்து என் லேசருக்கு முன்னால் மெத்தை விரித்துக் கிடந்தது.

கம்பெனி கேட்டுக்கு ஓடினேன். வாட்ச்மேன் வழிமறித்தார். "செல்போனக் குடுங்க. பூட்ஸக் கழட்டுங்க, ஆணி இருக்கும், ஒரசுனா பொறி பறக்கும்." கழுத்தில் டையோடும் காலில் ஒன்றுமில்லாமலும் உள்ளே போனேன்.

வெடியை நிறுத்தச் சொல்லி நான் கெஞ்சியதைப் போர்மேன் பொறுமையாகக் கேட்டார். "வெடிய நிப்பாட்டிருதேன் சார். போட்ட பொகைய எங்கன போயி நிப்பாட்ட?" வியாபாரிகளுக்குக் குடிக்கக் கலர் சோடா உடைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "இங்கன இருவது வருசமா வெடிச்சிக்கிட்டு இருக்கோம். அந்த லைட்ட மாட்டுமுன்ன எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

திரும்பி ஓடினேன். கேட்டைச் சுற்றிப் போக நேரமில்லை. வேலி இடுக்கில் நுழைந்து தரிசு வழியே, நெருஞ்சி முள் தைக்கத் தைக்க லேப்புக்கு வந்தேன்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அறுபது தலைகள் குனிந்து கிளிக், கிளிக். மூலையில் அண்ணாச்சி. பழைய ரேடியோவுக்கு லைனை மாற்றியிருந்தார். அதை இறக்கச் சொல்லி நான்தான் இரண்டு முறை அவருக்குக் குறிப்பு அனுப்பியிருந்தேன்.

"எறக்க மறந்துட்டேன்லே," என்றார், மறக்காத முகத்தோடு. "கேள்வியும் ஏ, பி, சி, டியுந்தான ஓடுது. இதுக்கு எம்புட்டு ஸ்பீடு வேணும்? வந்த அதிகாரிகளும் பத்து நிமிசம் கூடத் தாரோம்னுட்டாக. மொதல்ல காலப் பாரு, ரத்தம்."

சில பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. லேசர் அறுந்ததற்கு மயில் காரணமில்லை என்று மூன்றாவது அறிக்கை எழுதினேன்.

மறுநாள் பூட்ஸையும் செல்லையும் வாங்கக் கம்பெனி கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் தூசி தட்டிக் கொடுத்தார்.

"நேத்து செல்லு அடிச்சிக்கிட்டே கெடந்துச்சு. நாந்தான் எடுத்தேன். யாரோ அண்ணாச்சியாம், 'லைனு வந்துருச்சு, அவன ஓட வேண்டாம்னு சொல்லுங்க'ன்னாக. சொல்லுவோம்னு உள்ள வந்தா, நீங்க வேலி தாண்டிப் பொகைக்குள்ள ஓடிக்கிட்டிருக்கீக. கூப்பிட்டேன், கேக்கல."