தார்ப்பாய் கேஸும் சனிக்கிழமைக் கப்பலும்

வக்கீல் குமாஸ்தா வேலை என்பது, நல்ல புத்தி சொல்லிவிட்டு அதை ஒருத்தரும் கேட்காததை வேடிக்கை பார்க்கிற வேலை. வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளில் போர்ட் பிளேரில் நான் பட்ட பாட்டுக்கு, ஹேடோ வார்ஃபில் மூட்டை தூக்கிய முனியாண்டி ஒருத்தன் போதும்.

ஏட்டையா வாங்கிக் கொடுத்த டீ

கூரை ஒழுகுகிறதென்று முனியாண்டி கேட்க, ஸ்டோர்கீப்பர் கோவிந்தன் கோடவுன் தார்ப்பாய் ஒன்றைச் சீட்டு எழுதாமல் தூக்கிக் கொடுத்துவிட்டார். திடுதிப்பென்று இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. மனிதர் பயந்துபோய் "திருட்டுப் போச்சு" என்று புகார் எழுதிவிட்டார். பாம்பூஃப்ளாட்டில் முனியாண்டி வீட்டுக் கூரைமேல் அது ஊரறிய விரிந்து கிடந்தது.

போலீஸ் முனியாண்டியைப் பிடித்துக்கொண்டு போனது. தண்டனை ஆனால் அவனுடைய சர்க்கார் வேலை போய்விடும். ஸ்டேஷனுக்கு ஓடி, "எதுவும் சொல்லணும்னு கட்டாயமில்லடா, அது உன் உரிமை" என்றேன். அதற்குள் அவன் பிறந்த கதையிலிருந்து எல்லாம் சொல்லி முடித்திருந்தான். யாரும் நம்பவில்லை, அது வேறு விஷயம்.

"ஏட்டையா டீ வாங்கிக் குடுத்தாரு. குடிச்சிட்டு ஊமையாட்டம் உக்காந்தா நல்லாவா இருக்கும் அண்ணே?"

ஜாமீன்தாரர்

ஜாமீனுக்கு நிரந்தர வேலையில் இருக்கிற ஆளாகக் கூட்டி வா என்று அவன் பெண்டாட்டியிடம் சொல்லி அனுப்பினேன். அவள் கூட்டி வந்த ஆளைப் பார்த்து எங்கள் வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாட்சாத் கோவிந்தனேதான், புகார் கொடுத்தவர். தலையில் அடித்துக்கொண்டேன். அவருக்கோ மனசு உறுத்தல். முகம் செத்துப்போயிருந்தது.

"இவன் ஓடிப்போனா முதல்ல தேடப்போறது நான்தானே சார்? என்னைவிட நல்ல ஜாமீன் யாரு?"

கபூல்

கேஸ் வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை மெயின்லேண்ட் கப்பல். தங்கை கல்யாணத்துக்கு அவன் போயாக வேண்டும். "இல்லைன்னு மட்டும் சொல்லு" என்று படித்துப் படித்துச் சொன்னேன். மாஜிஸ்திரேட், "ஜுர்ம் கபூல் ஹை?" என்று கேட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று அர்த்தம். "கபூல், சாப்" என்றான் பாவி.

நல்லவேளை, மாஜிஸ்திரேட் நிதானஸ்தர். என்ன செய்தாய் என்று கேட்டார். ஸ்டோர்கீப்பர் கொடுத்தார், வாங்கினேன் என்றான். அப்படியானால் திருடவில்லையே? திருடவில்லை. பிறகு எதற்குக் கபூல்?

"இல்லைன்னா தேதி தள்ளுவீங்க. கப்பல் நிக்காது, சாப்."

கூண்டில் கோவிந்தன்

ஒப்புதல் செல்லாது என்று எழுதிவிட்டு, ஜாமீன்தாரராகப் பின்னால் உட்கார்ந்திருந்த கோவிந்தனை அப்போதே கூண்டில் ஏற்றினார். உண்மையைச் சொன்னால் அவர் வேலைக்கு ஆபத்து. முனியாண்டியை ஒரு தரம் பார்த்தார். "நான்தான் குடுத்தேன். பயத்துல மாத்தி எழுதிட்டேன்" என்றார்.

விடுதலை என்றதும் முனியாண்டியைப் பிடித்துத் தள்ளினேன், கப்பலுக்கு மூட்டை கட்டுடா என்று. நகரவில்லை. தீர்ப்பு நகல் வேண்டும் என்றான். அது தயாராக நேரமாகும், கப்பலை விட்டுவிடுவாய் என்று மாஜிஸ்திரேட்டே சொல்லிப் பார்த்தார்.

"வாயால குடுத்ததுக்குத்தான் சாப் இவ்வளவு கூத்தும். போனா போகட்டும் கப்பல், எழுதிக் குடுங்க."

சாயங்காலத்துக்குள் நகலை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு காலையில் கப்பலும் ஏறிவிட்டான். நான் சொன்ன எதையுமே கேட்காததால்தான் அவன் பிழைத்தான் என்பதை மட்டும் இதுவரை எந்தக் கட்சிக்காரனிடமும் நான் சொன்னதில்லை.